அழிரப்பர் இல்லாத கணக்கு

இரவு ஒன்பதுக்கு மேல் எடைமேடையில்
நானும் ஒரு பல்லியும்தான் வேலை.
லோரி ஏறும். மேசையில் டம்ளர் நடுங்கும்.
பதினொன்றரை டன், பச்சைக் குலை.
எந்தக் காடு என்று கேட்கும் திரை.
பதினாலு என்று தட்டுகிறேன்.

பதினாலு இல்லை என்பது அஸ்மானுக்குத் தெரியும்.
அவன் சக்கரத்தில் அப்பியிருப்பது கறுப்பு மண்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
போன வருஷம்வரை சதுப்பாக இருந்து
இரண்டு வாரம் புகைந்த மண்.
எங்கள் மண் சிவப்பு.
திரைக்கு நிறம் தெரியாது.

கோலாலம்பூரிலிருந்து ஹெங் வந்து சொன்னார்:
இது பிளாக்செயின், மிஸ் யோகவாணி,
ஒவ்வொரு பெட்டியும் முந்தின பெட்டியின் கையைப் பிடித்திருக்கும்.
ஒன்றைத் திருத்தினால் எல்லாம் காட்டிக்கொடுக்கும்.
கைதட்டினோம். நாசி லெமாக் கொடுத்தார்கள்.

ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில்
கிராணி மேசையில் அழிரப்பர் இருந்ததாம்.
மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள்.
இப்போது அந்த ரப்பரும் போனது.

ரோட்டர்டாமில் ஒருத்தி
சோப்பு உறையின் முதுகில் போனைக் காட்டுகிறாள்.
பச்சை இலை ஒன்று விரிகிறது.
கீழே என் எண் 0417,
பதினாலாம் காடு, இரவு 9.52, மழையில்லை.
ஆலைக்குப் பின்னால் மூன்றாம் குட்டை உடைந்து
ஆறு தேயிலைச் சாயமாய்ப் போவதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

டவுனில் செங் ஹுவாட் டயர் கடையின் மேல்மாடி,
ஜன்னலுக்குத் தகரம் அடித்த அறை.
பிட்காயின் தோண்டும் இயந்திரங்கள்
விடிய விடிய இரைகின்றன.
போலீஸ் வந்து இரண்டு தடவை ஒயரை அறுத்தது.
அவர்கள் திருடுவது மின்சாரம்.
நாங்கள் திருடுவது
கணக்கில் இல்லை.

நேற்று அந்த மாடி இழுத்த இழுப்பில் கரண்ட் போனது.
சும்மா இருக்க முடியாமல்
டிக்கெட்டின் பின்புறத்தில் டார்ச் வெளிச்சத்தில் வகுத்தேன்.
பதினாலில் ஆயிரத்து இருநூற்று நாற்பது மரம்.
இந்த மாதம் நான் ஏற்றியது நானூற்றுப் பன்னிரண்டு டன்.
மரத்துக்கு முந்நூற்று முப்பத்திரண்டு கிலோ.
சாமி மரமும் அப்படிக் காய்க்காது.

விளக்கு வந்தது. அஸ்மான் ஹார்ன் அடித்தான்.
பதினாலு என்று தட்டினேன்.
அழியாது என்கிறார்களே, கிடக்கட்டும்.
கூட்டத் தெரிந்த யாரோ ஒரு நாள்
முப்பத்தாறு பெட்டிகளையும் வரிசையாகத் திறந்தால்
முப்பத்தாறிலும் நான் நிற்பேன்,
என் கையை நானே பிடித்துக்கொண்டு.

லோரி இறங்கிப் போனது.
மேடையில் இரண்டு கறுப்புத் தடம்.
தினமும் கூட்டித் தள்ளுவேன்.
விளக்குமாற்றை எடுத்தேன்,
சுவரில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.