உறவுமுறை

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
ஒரு தாளை நீட்டினார்கள்.
நோயாளி பெயர்: கிறிஸ்துதாஸ்.
வயது: ஐம்பத்துமூன்று இருக்கும் என்றேன்.
ஊர்: அருமனைக்குப் பக்கம்.
உறவுமுறை என்ற இடத்தில்
பேனா நின்றுவிட்டது.

இருபது வருஷமாய்
ஞாயிறுதோறும் அவரை நான்
பிரதர் என்றுதான் கூப்பிடுகிறேன்.
குடையை மடக்கிக்கொண்டே,
செருப்பைத் தேடிக்கொண்டே,
முகத்தைப் பாராமலே
சொல்லிவிடக்கூடிய சொல் அது.
கடைசிப் பதினோரு மாதம்
அதையும் சொல்லவில்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
கணக்கு நான்தான்.
வருக்கச்சக்கை நானூற்றுப் பத்து,
செங்கதலிக் குலை அறுநூற்று இருபது,
ஒரு சேவல்,
யாரும் கேட்காமல் போன மரச்சீனி மூட்டை.
கமிட்டியில் எழுந்து நின்றார்:
"சிஸ்டர் கணக்கில்
நாலு தேங்காய் குறைகிறது."

நாலு தேங்காய்!
அன்று சாயந்திரமே கடையில் வாங்கி
அவர் வீட்டு நடையில் உருட்டிவிட்டேன்.
அவர் அதைப் போதகரிடம் ஒப்படைத்து
ரசீது வாங்கினார்.
ரசீதின் நகலை
எனக்கும் கொடுத்தனுப்பினார்.

இன்று விடியுமுன்
ரப்பர் தோட்டச் சரிவில்
அவர் தலைவிளக்கு மட்டும்
தரையோடு கிடந்து எரிந்தது.
எனக்குப் பால்வெட்டு அடுத்த தட்டில்.
கத்தியைப் போட்டுவிட்டு இறங்கினேன்.
கவிழ்ந்த வாளியின் பாலும் ரத்தமும்
சருகின்மேல் தனித்தனியே ஓடின.

"சொந்தக்காரங்க யாராவது ஏறணும்,"
நூற்றெட்டு வண்டிப் பையன் சொன்னான்.
மனைவி குவைத்தில்,
யாருடைய குழந்தையையோ குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.
தம்பி பம்பாயில், போனை எடுக்கவில்லை.
பால் ஒட்டிய கையோடு
நான் ஏறினேன்.

நர்ஸ் மேசையைத் தட்டினாள்.
"என்ன உறவு, அம்மா?"
எங்கள் இரண்டு குடும்பத்துக்கும்
கொடுக்கல் வாங்கல் இல்லை.
ஒரே பாத்திரத்தில் குடித்திருக்கிறோம்,
மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆளுக்கு ஒரு மிடறு.
அதுவும் அவர் ஆண்கள் வரிசை.
சகோதரி என்று எழுதினேன்.
"கூடப்பிறந்ததா?"
ஆமா என்றேன்.
பொய்யா என்று யோசிக்க
அவள் நேரம் தரவில்லை.
"தலையைத் திறக்கணும். இங்கே கையெழுத்து."

மத்தியானத்துக்குள்
வராந்தாவில் ஆள் சேர்ந்தது.
உபதேசியார் கட்டன் சாயா வாங்கிவந்தார்.
லில்லிபாய் தூக்குவாளியில் கஞ்சி, துவையல்.
ஆறு வருஷம் முன்பு எங்களோடு மல்லுக்கட்டி
பெந்தெகொஸ்தே சபைக்குப் போன ராஜசெல்வம்
சுவரோரம் முழங்காலிட்டார்.
எங்களுக்குப் புரியாத அதே பாஷைதான்,
சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.
ஏன் வந்தீர் என்று யாரும் கேட்கவில்லை.
கஞ்சியில் அவருக்கும் ஒரு தம்ளர் போயிற்று.
எனக்கு ஜெபம் வரவில்லை.
நாலு தேங்காய் எங்கே போயிற்று என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் கண் திறந்தார்.
உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.
"மருந்துக்கெல்லாம்
பில் வச்சிருக்கியா?"

வச்சிருக்கியா என்றார்.
இருபது வருஷத்தில்
வச்சிருக்கீங்களா இல்லாத
முதல் கேள்வி.

"ஒரு பைசா குறையாது, கிடந்து உறங்கும்."
உறங்குகிற ஆளா.
பாலிதீன் கவரைப் பிரித்து
ஒவ்வொரு சீட்டாய்
போர்வைமேல் அடுக்கிக் காட்டினேன்.
ஸ்கேன். ஊசி. பஞ்சு. ஆட்டோ.
கடைசியாக
பண்டிகையன்று அசனக் குழம்புக்கு
நானே எடுத்து அரைத்த நாலு தேங்காய்.
அதுக்கு மட்டும்
பில் இல்லை என்றேன்.