தென்கரை

எங்கள் பேண்டில் இதுவரை எட்டு டிரம்மர்.
பேஸ் கிட்டார் மட்டும் அன்றும் இன்றும் நான்:
எமிலியான், தங்கச்சிமடம்,
வயது ஐம்பத்தொன்பது, இடது காது மந்தம்.

எண்பத்து மூன்றில்
கப்பல்காரர் சீனி நெய்னா
கீழக்கரைக்கு லீவில் வந்தபோது
பெட்டியடியில் கிடந்த கேசட் அது.
ஏதோ துறைமுகத்தில்
சிகரெட்டுக்கு மாற்றிக்கொண்டாராம்.
அட்டையில் முடி வளர்த்த ஐந்து பேர்,
புள்ளியும் கீறலும் தலையில் சுமந்த எழுத்து.
ஹங்கேரி என்றார்.
அது எங்கே இருக்கு?
தெரியல தம்பி, அங்க நான் இறங்கினதில்ல.

மூன்றாவது பாட்டில் ஒருவன்
தொண்டை கிழியக் கத்துகிறான்,
தென்கரை, தென்கரை.
ரெமிஜியுஸ் ரீவைண்ட் பண்ணினான்.
மறுபடியும் தென்கரை.
அடேய், நம்மளத்தான்டா பாடுறான்!
அந்த நிமிசமே பேர் வைத்துவிட்டோம்.
மிச்ச வரிகளைக்
கேட்டது கேட்டபடி
நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதினேன்.
ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது.
பங்குச்சாமியார் கேட்டபோது
மாதா பாட்டு என்றோம்.

ரோட்டுப் பாலம் வருமுன்
ஆம்ப்ளிஃபயரை ரயிலில் ஏற்றி
பாம்பன் தாண்டும் மட்டும்
இரண்டு பேர் கட்டிப்பிடித்து நிற்போம்.
கடற்காற்று புகுந்து
ஸ்பீக்கர் தன்பாட்டில் முனகும்.
உப்பு தின்றதில்
வருசத்துக்கு மூன்று செட் கம்பி.

மரியதாசன் விசைப்படகு, ரெமிஜியுஸ் நாட்டுப்படகு.
இது போகும் நாள் அது போகாது,
அது போகும் நாள் இது.
ஒரே கரையில் கிடந்தும்
எல்லாரும் சேர்ந்து வாசிக்க
காலண்டரில் கிழமை இல்லை.
பிற்பாடு தடைக்காலம் வந்தது.
ஊரே வட்டிக்கு அலைந்த அந்த நாட்களில்
நாங்கள் நன்றாக வாசித்தோம்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஆனால் அதுதான் உண்மை.

ரெமிஜியுஸுக்கு இடுப்பு போனது.
இரண்டாவதாக வந்த லெம்பேட்
பேசாலைக்காரன், மண்டபம் முகாம்.
ஆறு மணிக்குத் தலை எண்ணுவார்கள் என்று
பகல் கல்யாணங்களுக்கு மட்டும் வந்தான்.
ஒரு நாள் அதற்கும் வரவில்லை.
மூன்று வருசம் கழித்து
பிரான்சிலிருந்து பார்சல்:
ஒரு ஜோடி குச்சி. கடிதம் இல்லை.

ஐந்தாவது ததேயு.
நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டு
யாழ்ப்பாணத்தில் நாலு மாதம் இருந்தான்.
அந்த வருசம் சந்தியாகப்பர் திருவிழாவில்
டிரம்ஸை மேடையில் வைத்து
ஸ்டூலைக் காலியாக விட்டு
வாசித்து முடித்தோம்.
கூட்டம் கை தட்டவில்லை,
அவன் அம்மா முன்வரிசையில் இருந்தார்.
திரும்பி வந்தவன்
ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டுச் சொன்னான்,
நான் இல்லாதப்ப ஓடுறீங்களே, ஏன் இவ்வளவு அவசரம்?

ஏழாவது ஆளைப் பற்றி எழுத மாட்டேன்.
பணம்.

இப்போது மரியதாசன் மகள் ஜெனிட்டா.
எல்லாரையும்விடக் குறைவாக அடிக்கிறாள்,
எல்லாரையும்விட நன்றாக.
போன மாதம்
என் நோட்டைப் போனில் தட்டித் தேடி
அவர்களைக் கண்டுபிடித்துவிட்டாள்.
இன்னும் மேடையில் நிற்கிறார்கள்,
ஐந்தில் இருவர், நரைத்து, தொப்பை வைத்து.
பேஸ் வாசிப்பவன் வேறு ஆள்.
பழையவன் என்ன ஆனான் என்று
நான் கேட்கவில்லை.

மாமா, தென்கரை இல்ல,
தெங்கெர்ரே.
கடலுக்கு, கடலுக்குன்னு கத்துறாங்க.

மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினாள்.
ஒரு பக்கமும் தண்ணீர் இல்லை,
சுற்றி முழுக்கப் பிறத்தியார் நிலம்.
நாற்பது வருசம்
கடலைக் கேட்டுக் கத்தியவர்களை
கரை என்று கேட்டிருக்கிறோம்,
விடியற்காலம் ஐஸ் பெட்டியோடு
கரையேறியவர்களின் காதால்.

மரியதாசன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, பேரை மாத்தணுமாடா என்றான்.
போஸ்டர் ஒட்டியாச்சு என்றேன்.

சரி, கம்பியை முறுக்கு.
நாளைக்கு விசைப்படகு நாள்,
அவன் டோக்கன் வாங்கிவிட்டான்.
பத்து மணிக்குள் முடிக்க வேண்டும்.