வாயைத் திற

பகலெல்லாம் பெரியாஸ்பத்திரியில்
பிறர் வாய்க்குள் டோர்ச் பிடிப்பவள் நான்.
பின்னேரம் டைக் வீதி வீட்டு முற்றத்தில்
பொனட்டுக்குள் பிடிக்கிறேன்.
பெரிய வித்தியாசம் இல்லை.

மொறிஸ் மைனர் நல்ல நோயாளி.
ஆ என்றால் தொண்டைவரை தெரியும்.
எஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவே
பூனை குட்டி போட இடம் இருக்கும்.
போட்டும் இருக்கிறது, மூன்று.

மாருதி பால்பல்.
இரண்டு ஸ்பானர், மிச்சத்துக்கு அடுக்களைக் கத்தி.
பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி முடித்தபோதும்
கேத்தல் கொதித்திருக்கவில்லை.

வனெற்றில் எஞ்சினைப் பார்க்க
ஆளை எழுப்ப வேண்டும்.
கன்னியாவுக்குப் போகும் வழியில்
மச்சாள் துஷாந்தினியை இறக்கி, சீட்டை நிமிர்த்தி,
ஆவிக்குள் முகத்தை வைத்திருந்தேன்.
"பஸ்ஸில போவம் எண்டு சொன்னனான்தானே"
குடைக்குள்ளிருந்து வந்தது குரல்.

பக்கத்து வீட்டு ஜெர்மன் கார்
பல்பு ஒன்று மாற்ற
பம்பரைக் கழற்று என்கிறது.
கடைவாய்ப் பல்லுக்குத் தாடையைக் கழற்றும் டொக்டரை
எங்கள் ஆட்கள் எப்போதோ
கஷ்டப் பிரதேசத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

எந்தக் கம்பனி செய்த நட்டானாலும்
இங்கே இறுக்குவது கடல்.
ஓரிரவு டீசலில் ஊறவிட்டு
மெல்லத் தட்ட வேண்டும்,
கன்னத்தைத் தொட்டு
விறைச்சிட்டுதா என்று கேட்பதுபோல.

இப்போது அக்வா.
லீசிங் இன்னும் இருபத்தெட்டு மாதம்.
திறந்தால் கறுப்பு மூடி.
மூடிக்குக் கீழே இன்னொரு மூடி.
செம்மஞ்சள் வயர்: தொட்டால் சாவு.
கச்சேரி யன்னலில் நிற்பதுபோல் நின்றேன்.
கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்த றிஃப்கான்
எழுத்தும் இலக்கமுமாய் ஏதோ சொல்லி
ஐயாயிரம் வாங்கினான்.
எங்கே நோகுது என்று
அவனும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு,
விழுந்த தோட்டைத் தேடிப் பின்சீட்டில் குனிந்தபோது
ஓரத்தில் ஒரு சின்ன வலை.
பற்றரி மூச்சு வாங்கும் மூக்கு.
இரண்டு கிளிப்தான்.
பழைய பிரஷால் தேய்க்கத் தேய்க்க
நிலாவெளி மணல்,
நாய்முடி,
முறுக்குத் துண்டு ஒன்று.
அப்புறம் நீளமாய், வெள்ளையாய் ஒரு தலைமுடி.

எங்கள் வீட்டில் யாருக்கு நரை?
முன்கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன்.

கேற்றடியில் தெருமான் ஒன்று
யாரோ எறிந்த வாழைப்பழத் தோலை மென்றபடி
என்னைப் பார்த்தது.
கீழ்வரிசைப் பற்கள் நன்றாகத்தான் இருந்தன.

தோடு இன்னும் கிடைக்கவில்லை.