தணிக்கைத் தடை, பத்தி பதினான்கு

"பழுதடையாத ஊஞ்சலுக்கு
எட்டுக் கொக்கியும் பதினாறு அடிச் சங்கிலியும்
வாங்கியதன் அவசியம் என்ன?"
என்று கேட்டிருக்கிறீர்கள்.
விளக்கம் எழுதச் சொல்லி
ஓவர்சியர் ஒரு வெள்ளைத் தாள் தந்தார்.
மூன்று நாளாக அது
என் டிபன் பாக்ஸுக்கு அடியில்.
ஓரத்தில் ரசம் பட்டிருக்கிறது. மன்னிக்கவும்.

ஐயா,
நான் தருமபுரி நகராட்சி, பூங்காப் பிரிவு,
ஃபிட்டர் தீர்த்தகிரி.
பென்னாகரம் சாலைப் பூங்காவுக்கு
ஐந்தரைக்கெல்லாம் போய்விடுவேன்,
நடைப்பயிற்சிக்காரர்கள் வருமுன்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனரால்
போல்ட் போல்ட்டாகத் தட்டிக்கொண்டே போவேன்.
இறுகியது கணீரென்று சொல்லும்.
தளர்ந்தது,
சளி பிடித்தவன் தன் பேரைச் சொல்வதுபோல.

ஊஞ்சல் கொக்கியைப் பக்கவாட்டில் பார்த்தால்
தடியாகத்தான் இருக்கும்,
மஞ்சள் பெயின்ட்கூடப் போயிருக்காது.
தேய்வதெல்லாம் உள்வளைவில்,
இரும்பை இரும்பு தொடுகிற இடத்தில்.
அங்கே கண் போகாது.
சுண்டு விரல் போகும்.
தையில் தடவியபோது பென்சில் கனம்.
ஆடியில் தடவியபோது தீக்குச்சி.

எந்தக் கனத்தில் "பழுது" என்று எழுதலாம், ஐயா?
தீக்குச்சி ஒடியாதவரை
பதிவேட்டில் அதற்கு "நல்ல நிலை" என்றுதான் பேர்.

கொக்கி மாற்றிய அன்று
ஊஞ்சலைத் தூக்கிச் சிவப்புத் துணியால் கட்டியிருந்தேன்.
அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண்
"நல்லாத்தானே கீது, எதுக்குக் கட்டி வெச்சிருக்க?" என்றாள்.
உங்கள் கேள்விதான்.
அவள் சுருக்கமாகக் கேட்டுவிட்டாள்.

குழாய் வாஷரும் அப்படித்தான்.
எங்கள் பல்லில் காவி ஏற்றுகிற தண்ணீர்
குழாய் வாயில் வெள்ளையாகப் பூக்கிறது.
சொட்டத் தொடங்குமுன் மாற்றிவிடுகிறேன்.
பத்தி பதினைந்தில் அதையும் கேட்பீர்கள்.
சித்திரையில் சறுக்குத் தகட்டின்மேல்
முதலில் என் முழங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
அதற்குச் செலவில்லை, எழுத வேண்டாம்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்தேன்
என்று எழுதினால் பொய்.
போன வருடம் ராட்டினத்தின் பேரிங் கரகரத்தது.
ஸ்டோரில் கிரீஸ் இல்லை,
இன்டென்ட் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது.
"அடுத்த மாதம்" என்று எழுதினேன்.
எழுதிய கை என்னுடையதுதான்.
ஆவணியில் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.
மாதேஸ்வரி, இரண்டாம் வகுப்பு,
பாலக்கோடு வண்டிக் கண்டக்டரின் மகள்.
இரண்டு நகம்.

நகம் முளைத்துவிட்டது.
இப்போது என்னைப் பார்த்தால்
விரலை விரித்துக் காட்டிவிட்டு ஓடுகிறாள்.

அந்தச் செலவை நீங்கள் கேட்கவே இல்லை.
ராட்டினம் பழுதடைந்தது,
பழுது பார்க்கப்பட்டது,
புகைப்படம் இருந்தது, மருத்துவமனைச் சீட்டு இருந்தது,
கணக்கு சரியாக இருந்தது.
கொக்கிக்குத்தான் என்னிடம் எதுவும் இல்லை.
விழாத பிள்ளையை
எந்தக் கோணத்தில் படம் எடுப்பது?

மாலையில் வேலை முடிந்தும்
கொஞ்ச நேரம் கிரானைட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.
பெஞ்சும் லேசாக ஆடுகிறது,
வியாழக்கிழமை அதற்குச் சிமென்ட்.
பிள்ளைகள் ஊஞ்சலை உயர உயர வீசுகிறார்கள்.
சுண்டல்காரர், அம்மாக்கள், பாதி ஊர்
அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
என் காது மட்டும்
மேலே கொக்கியிடம்.

ஆகவே மேற்படி செலவினத்தை
அனுமதிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: பழைய கொக்கி ஒன்று.
ஃபைலைக் கீழே வைத்துவிட்டு
சுண்டு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள்.
பார்த்ததும் திருப்பி அனுப்பவும்,
ஸ்டோர் கணக்கில் எட்டு காட்டியிருக்கிறது.