புறநோயாளி

மூன்று இரவுகள் இதே கட்டிலில் படுத்திருந்தவரிடம்
நீங்கள் இன்னும் உள்ளே வரவில்லை என்று
சொல்லும் வேலை எனக்கு.

டுலூத். ஜனவரி, வியாழன், பிற்பகல்.
ஜன்னலுக்கு வெளியே ஏரியின் ஓரம்
கரை எது நீர் எது என்று தெரியாமல் உறைந்து கிடந்தது.
வெர்னா ஓயாலா, வயது எண்பத்திரண்டு.
குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிப்போகையில்
வழுக்கிவிட்டது.
இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல்.
கத்தி வேண்டாம், தானே கூடிவிடும் என்றார் மருத்துவர்.
அதுதான் வினை.
கத்தி படாத உடம்புக்கு எங்கள் கணினியில்
கண்காணிப்பு என்று பெயர்.
கண்காணிப்பில் இருப்பவர் புறநோயாளி.
நடை பழக்கும் இல்லத்துக்குப் போனால்
புறநோயாளிக்கு மெடிகேர் காசு தராது.
உள்நோயாளியாக மூன்று நாள் கழித்திருக்க வேண்டும்.

முந்தாநாளே தந்திருக்க வேண்டிய தாளை
இன்றைக்கு நீட்டினேன்.
போர்வைக்குள் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டி
முழுவதும் படித்தார்.
யாரும் முழுவதும் படிப்பதில்லை.

"அப்படியானால் இந்த மூன்று ராத்திரியும்
நான் எங்கே இருந்தேன்?"

மணிக்கட்டில் எங்கள் பட்டை.
புறங்கையில் எங்கள் ஊசி.
விடியற்காலை இரண்டு மணிக்குத் தட்டி எழுப்பி
தூங்கினீர்களா என்று கேட்டது
எங்கள் ஆள்.

பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்த
அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.
அதில் விதி என்ற சொல் இரண்டு தடவை வரும்.
நான் ஒரு பொருளில் சொன்னேன்.
அவர் இன்னொன்றில் கேட்டுக்கொண்டார்.

"முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள் நான்.
படியில் கால் வைத்துவிட்டால் அது என் பிள்ளை.
அப்புறம் அது உட்கார்ந்தாலும் நின்றாலும்
பக்கத்துப் பிள்ளைமேல் வாந்தி எடுத்தாலும்
கணக்கு ஒன்றுதான்.
ஏற்றிக்கொள்ளவில்லை, சும்மா பார்த்துக்கொண்டுதான் வந்தேன் என்று
ஒரு தாயிடம் போய்ச் சொல்லியிருந்தால்..."

புரண்டு படுக்க முயன்றதில்
மிச்சத்தை வலி எடுத்துக்கொண்டது.

மூலை நாற்காலியில் தங்கை எய்லா,
திங்கட்கிழமை போட்ட அதே கம்பளிச் சட்டையோடு,
காகிதக் கைக்குட்டையில் பெருக்கிக்கொண்டிருந்தார்.
நாளுக்கு நானூற்றுப் பத்து டாலர். இருபது நாள்.
எட்டாயிரத்து இருநூறு.
பேனா ஊறி, சைபர்கள்
ஒன்றோடொன்று கலந்துவிட்டன.
பிறகு கைப்பையைக் கவிழ்த்து
இருமல் மிட்டாய், சாவி, பழைய பஸ் அட்டை
இவற்றுக்கு நடுவிலிருந்து
வண்டி நிறுத்தும் சீட்டை எடுத்து
என் தாளின்மேல் வைத்தார்.

உள்ளே வந்த நேரம்: திங்கள், மாலை 4.52.
வெளியேறிய நேரம்: காலி.

"என் கார் உள்நோயாளி" என்றார்.

வெர்னா சிரித்தார். சிரிப்பும் இடுப்பில்தான் போய் முடிந்தது.

கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகாது,
தாள் கிடைத்ததாகத்தான் பொருள் என்றேன்.
"தெரியும், படித்தேனே."
பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதுவதுபோல்
பெரிய எழுத்துக்களில் போட்டார்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை.

சீட்டை நகலெடுத்துக் கோப்பில் செருகினேன்.
அதற்கென்று அங்கே இடம் கிடையாது.
மேல்முறையீட்டுக்கான எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
அங்கே இசை போட்டுக் காக்கவைப்பார்கள் என்பதை
எழுதவில்லை.

ஆறு மணிக்கு வேலை முடிந்தது.
நிறுத்துமிடத்தில் எய்லாவின் கார்தான் என்று
சீட்டில் இருந்த எண்ணை வைத்துக் கண்டுகொண்டேன்.
கூரையில் ஒரு சாண் பனி.
முன்கண்ணாடி ஓரத்தில் வெட்டுப்பட்ட இடத்தில்
மூன்று அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன:
அடியில் கெட்டியாக, சாம்பல் நிறத்தில், திங்கள்.
அதன்மேல் செவ்வாய்.
மேலே நேற்றிரவு பெய்தது, இன்னும் மாவாக.

என் வண்டியில் துடைப்பம் இருந்தது.
வழித்துவிட்டுப் போகலாம் என்று கையில் எடுத்தேன்.
சாட்சியைக் கலைத்ததாகிவிடுமோ என்று
கொஞ்ச நேரம் நின்றேன்,
புறத்தே,
கை விறைக்கும்வரை.