கூப்பிடு தூரம்

பேர்லவோக் ஓடுபாதைக்கும்
போட்ஸ்ஃபியூர் ஓடுபாதைக்கும் நடுவே
முப்பத்தொன்பது கிலோமீட்டர்.
இது நேர்கோட்டுக் கணக்கு.
சாலை இதை ஒப்புக்கொள்ளாது.
அது கொங்ஸ்ஃபியூரில் கடலை உரசி
கெட்னியே மேட்டில் ஏறி மூச்சு வாங்கி
தொண்ணூறு சொச்சம் நீண்டு வந்துசேரும்,
வந்தால்.
ஜனவரியில் பனி தள்ளும் வண்டியின் பின்னால்
முன் காரின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி
எட்டு கார்கள் ஊரும்.
காற்று முறுக்கினால் அதுவும் கிடையாது,
கம்பத்தை இறக்கிவிடுவார்கள்.

ஆகாயத்தில் அட்டவணைப்படி பதினைந்து நிமிடம்.
பின்காற்று இருந்தால் பதினொன்று.
பணிப்பெண் பெல்ட்டை அவிழ்ப்பதில்லை,
காப்பி இல்லை.
வாயில் போட்ட மிட்டாய் கரைவதற்குள்
சக்கரம் இறங்கும் சத்தம் கேட்கும்.

எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.
இருபத்திரண்டு வருடமாக
கடலோரக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
புறப்பட்ட நேரத்தை
மேட்டிலிருக்கும் அடுத்த கூண்டுக்குச் சொல்கிறேன்.
அடுத்த கூண்டில் இருப்பவன்
என் தம்பி ஐலிஃப்.

அப்பாவின் படகை அவன் விற்றான்.
என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் விற்றுவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.
அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஒன்பது வருடமாக எங்கள் பேச்சு இவ்வளவே:
"புறப்பாடு பதினான்கு பத்து.
பயணிகள் நான்கு.
வருகை பதினான்கு இருபத்தொன்று."
"கிடைத்தது."
கிறிஸ்துமஸ் அன்று விமானம் இல்லை,
பேச்சும் இல்லை.

அன்றும் அதைத்தான் சொன்னேன்.
அவனும் அதைத்தான் சொன்னான்.
இருபத்தொன்று ஆனது.
இருபத்தைந்து ஆனது.
தரையிறங்கியதென்று தகவல் வரவில்லை.
மேட்டின் மேல் மேகம் வந்து
உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது.
முப்பத்தொன்பது இருக்கை விமானம்,
உள்ளே நான்கு பேர்,
இருட்டுக் கடலுக்கு மேல் வட்டமடிக்கிறது.
முப்பத்தொன்றாவது நிமிடம் தொலைபேசி.

"குன்வோர்,
உன் பக்கம் வானம் எப்படி?"

மேகத்தின் உயரத்தை அடியில் கேட்கவேண்டும்,
பார்வைத் தூரத்தை மீட்டரில்.
பெயர் சொல்லிக் கூப்பிட
விதிப் புத்தகத்தில் இடமே இல்லை.
நானும் எண்களைத் தேடாமல்
ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்:
"நட்சத்திரம் தெரியுது.
திருப்பி அனுப்பு."

பதினான்கு ஐம்பத்தொன்றுக்கு
கிளம்பிய ஓடுபாதையிலேயே வந்து இறங்கியது.
நாற்பத்தொரு நிமிடம் பறந்தும்
எங்கும் போகவில்லை என்று
மீன் தொழிற்சாலைக் கணக்காளர் முணுமுணுத்தார்.
அவர் பெட்டியை நானே இறக்கிக் கொடுத்தேன்.
இங்கே எல்லா வேலையும் நான்தான்.

மேலே வந்தால்
ஒலிவாங்கி மேசைமேல் கிடக்கிறது,
வைக்க மறந்திருக்கிறேன்.
மறுமுனையில் அவனும் வைக்கவில்லை.
நாற்காலி கிறீச்சிடுகிறது.
எண்ணெய் போடச் சொல்லவேண்டும் என்று
நினைத்தேன்.
சொல்லவில்லை.

மறுநாள்:
"புறப்பாடு பதினான்கு எட்டு.
பயணிகள் நான்கு,
நேற்றைய அதே நான்கு பேர்.
வருகை பதினான்கு பத்தொன்பது."

அதே நான்கு பேர் என்பதை
யாரும் கேட்கவில்லை, தேவையுமில்லை.
"கிடைத்தது" என்று சொல்ல
அவனுக்கு வழக்கத்தைவிட
மூன்று நொடி கூடுதலாக ஆனது.

எல்லாம் பதிவாகும் இணைப்பு இது.
அந்த மூன்று நொடியும்
எங்கோ ஓர் இயந்திரத்தில் இருக்கும்.