தடைக்குத் தடை

வெள்ளி இரவு, இஷா முடிந்து நெடுநேரம்.
கல்முனை மெயின் வீதியில்
கொத்துரொட்டித் தகடு மட்டும் சத்தம் போடுகிறது.
ஷட்டரைப் பாதி இறக்கியபோது செய்தி வந்தது:
அந்த நாட்டில் ஒரு நீதிபதி
நுழைவுத் தடைக்கு
இடைக்காலத் தடை போட்டிருக்கிறார்.

பட்டியலில் எங்கட நாடு ஒன்பதாவது.
இப்போதைக்கு அந்தப் பட்டியல்
கச்சான் சுற்றும் காகிதம்.

பெரியகல்லாற்றுக்கு அழைத்தேன்.
கமலோஜினி தூங்கவில்லை.
"விசா கையில இருக்கு, வழியும் திறந்திருக்கு.
நாளைக்கே ஏறுங்க."
"மறுகா சாத்திருவாங்களோ?"
"சாத்துறதுக்குள்ள போயிரலாம்."
நான் டிக்கட் விற்கிறவன்,
வேறெப்படிச் சொல்வேன்.

காப்பு இரண்டும் அடகுக்குப் போயின.
சந்தையில் பழந்துணிக் குவியலைக் கிளறி
ஒரு குளிர்ச்சட்டை எடுத்தாள்.
ஆம்பிளைச் சட்டை, முழங்கால் வரை தொங்கும்.
அங்கே புருசனுக்கு பேக்கரியில் இரவு வேலை,
ஐந்து வருசமாய்.

விமானம் எந்தக் கடலுக்கு மேலே என்று
கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சின்னப் பச்சைப் புள்ளி, நகராததுபோல் நகரும்.
அவளிடம் கோழியா மீனா என்று
கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்,
மேல்மன்றத்தில் மூவர் அமர்ந்தபோது.
இருவர் தடையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
ஒருவர் மறுத்து இருபத்தாறு பக்கம் எழுதினார்.
பிறகு அதைத் தரவிறக்கிப் பார்த்தேன்,
விளங்கிய சொற்கள் கொஞ்சம்தான்.

உத்தரவு நான்கு பத்துக்கு.
அவளுடைய முறை நான்கு இருபத்தொன்றுக்கு.
விமானத்தில் பக்கத்துச் சீட்டில் வந்தவள்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
கை காட்டவா வேண்டாமா என்று தெரியாமல்
பையைச் சரிசெய்தாளாம்.

அதிகாரி கெட்டவனில்லை என்றாள்.
தண்ணீர் கொடுத்தான்,
இருக்கச் சொன்னான்,
அடிமட்டம் வைத்து விசாவின் மேல் நேராய் ஒரு கோடு போட்டான்.
"என்ர மகன்கூட அவ்வளவு நேராக் கீறமாட்டான்."

கொழும்பு பஸ்ஸால் விடியப்புறம் இறங்கியவள்
கல்லாற்றுக்குப் போகவில்லை.
கடைவாசலில் இருந்தாள், நான் வரும்வரை.
காசு கிறுகி வருமா என்று கேட்டாள்.
பறந்த டிக்கட்டுக்கு வராது.
சட்டையைக் கழற்றி என் கதிரையில் போட்டாள்,
"வித்துத் தாங்க."
கல்முனை வெயிலில்.

எட்டு மாதம் கழித்து உச்சமன்றம் சொன்னது:
அந்தத் தடையே பிழை, ஆரம்பத்திலிருந்தே.
அன்றைக்குப் பதினாலு டிக்கட் விற்றேன்.
பின்நேரம் அவள் அழைத்தாள்.
"அப்ப நாம வெண்டுட்டமா?"
"ஓம்."
"நான் எப்ப போகலாம்?"

கல்லடியில் தெரிந்த சட்டத்தரணியைக் கேட்டேன்.
உத்தரவு செல்லாது, உண்மை.
ஆனால் செல்லாத உத்தரவு வெட்டிய விசா
வெட்டினது வெட்டினதுதான்.
புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இப்போது படிவம் என் மேசையில்.
கரன்ட் இல்லை, மின்விசிறி நிற்கிறது,
வியர்வை சொட்டாமல் தாளைத் தள்ளி வைத்து எழுதுகிறேன்.
பதினேழாவது கேள்வி:
எப்போதாவது உங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதா?
ஆம், இல்லை. இரண்டு பெட்டிகள்.

"பிழை எண்டு கோடே சொல்லிப்போட்டுது,
அப்ப அது மறுத்த கணக்கில வருமா?"

பேனையை மூடினேன், திறந்தேன்.

அந்த முதல் டிக்கட்டில் என் தரகு
நாலாயிரத்து இருநூறு.
படிவத்துக்குக் காசு வேண்டாம் என்றேன்.
அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.
பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.